ஒரு பெயரும் விடுபடக் கூடாது

மணி என்ன ஆச்சு சார்?

ஏழு பத்து. சரி. கோவிச்சுக்காதீங்க, திருச்சியில் ஏறியதிலிருந்து மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். என்னிடம் ஃபோன் இல்லை. தொலையவில்லை, எவனும் அடிக்கவும் இல்லை. லால்குடியில் என் வீட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருக்கிறேன். கைக்கடிகாரம் கட்டுவதை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது.

இந்தப் பையா? மேலே வைக்க முடியாது சார். உள்ளே மாலை. மடியிலேயே இருக்கட்டும்.

நீங்களும் திண்டுக்கல்தானா? நான் கல்யாணத்துக்குப் போகிறேன். அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். பெண்ணுக்குத் தாய்மாமன் நான். ஒரே தாய்மாமன். மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டி, மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். எங்களில் அதுதான் முறை. அப்படிப்பட்ட மாமனிடம், 'ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் பட்டம் கட்டலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கோயிலில் செருப்பை வெளியே விடச் சொல்வார்கள், சரி. ஜெயிலில் மனுப் போட்டு ஆளைப் பார்க்கப் போனால் ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதுவும் சரி. கல்யாணத்தில்? தாய்மாமனிடம்?

நீங்கள் உங்கள் ஃபோனைப் பாருங்க சார். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வருகிறேன். கை சும்மா இருந்தால் வாய் சும்மா இருக்காது போலிருக்கிறது.

அழைத்த விதத்தைக் கேளுங்க. நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது மாமனுக்கு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம், மேலே பத்திரிகை. புருஷன் பெண்டாட்டியாக வந்து, உட்காரவைத்து, கையில் கொடுத்து, 'முன்னாடி நின்னு நடத்திக் குடுக்கணும்' என்று சொல்ல வேண்டும். எனக்கு எப்படி வந்தது தெரியுமா? வாட்ஸ்அப்பில். அதுவும் தனியாக இல்லை. குடும்ப குரூப்பில், அறுபத்து மூன்று பேரோடு சேர்த்து. ஒரு வீடியோ. பூ விழுகிறது, நாதஸ்வரம் வாசிக்கிறது, கடைசியில் 'அனைவரும் வருக'. அனைவரும்! நானும் அந்த அனைவரில் ஒருத்தன். குரூப்பிலிருந்து நான் போன வருஷமே வெளியேறிவிட்டேன், என் வீட்டுக்காரி ஃபோனில்தான் பார்த்தேன். அவள் முந்தாநாளே கிளம்பிப் போய்விட்டாள். 'எனக்கு எதுக்குங்க அழைப்பு, அது என் வீடு' என்கிறாள். நல்லா இருக்கிறதா கதை?

ஏன் இப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. பரவாயில்லை, சொல்கிறேன்.

என் பெயர் மதியழகன். மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கம்பி, சிமெண்டு, ஹெல்மெட் எல்லாம் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. ஒரு அறையில் ஆறு பேர். எனக்கு மேல்கட்டிலில் சாஜன் என்று ஒரு மலையாளி. அவன்தான் இரண்டாயிரத்து ஒன்பதில் எனக்கு ஃபேஸ்புக் கணக்குத் திறந்து கொடுத்தான். 'பாஸ்வேர்டுக்கு நீ ஜென்மத்துக்கும் மறக்காத ஒரு பேரு சொல்லு சேட்டா' என்றான். சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

அப்போது அது எனக்கு என்னவாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. ஐந்து நிமிடம் ஊருக்குப் பேசுவதற்குள் கார்டு தீர்ந்துபோகும். ஆனால் இதில் அக்கா வீட்டு முற்றம் தெரியும். அத்தான் வாங்கின மோட்டார் சைக்கிள் தெரியும். கயல் முன்பல் விழுந்து சிரிப்பது தெரியும். கயல்விழி, அதுதான் பெண்ணின் பெயர். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இப்போது வேண்டாம். கயல்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழந்தை.

அவள் பதின்மூன்று வயதில் பெரியவளானாள். எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மாமன் சீரை என் வீட்டுக்காரிதான் கொண்டுபோய் வைத்தாள். மாமன் வராத குறை தெரியக்கூடாது என்று அத்தான் நாற்பத்திரண்டு படம் மெயிலில் அனுப்பினார். 'உனக்குத்தான் மாப்ள, நீ பாக்கணும்ல' என்று எழுதியிருந்தார். சாஜன் பார்த்தான். அறையில் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அத்தனையையும் ஃபேஸ்புக்கில் ஏற்றினேன். 'என் அக்கா மகள் பெரிய மனுஷி ஆனாள்' என்று தலைப்பு. முன்னூற்றுப் பன்னிரண்டு லைக் சார், அந்தக் காலத்தில்! பிலிப்பைன்ஸ்காரன், எகிப்துக்காரன் எல்லாம் வாழ்த்துச் சொன்னான்.

நாலு நாள் கழித்துக் குழந்தை ஃபோன் பண்ணுகிறது. 'மாமா, அத எடுத்துருங்க மாமா. ஸ்கூல்ல பசங்க பிரிண்ட் எடுத்து பெஞ்சுல ஒட்டிட்டாங்க.' அழுகை. ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லையாம். எனக்குக் கோபம் வந்தது. ஏன் சார் வராது? திண்டுக்கல்லில் மண்டப வாசலில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதே படம், அதே புடவை. கீழே கவுன்சிலர் படம் வேறு. அதை ஊரே பார்க்கலாம். மாமன் போட்டால் மட்டும் அசிங்கமா? அத்தானிடமே கேட்டேன். 'ஃப்ளெக்ஸ ரெண்டு நாள்ல கழட்டிருவாங்க மாப்ள' என்றார். அவர் அப்படித்தான், எதையும் சத்தமாகச் சொல்லத் தெரியாது. அரசுப் பள்ளி வாத்தியார். பிறகு தலைமையாசிரியரும் ஆனார்.

எடுத்துவிட்டேன். உடனே இல்லை, பதினைந்து நாள் கழித்து. வந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு உடனே கதவைச் சாத்த முடியுமா?

அடுத்த வருஷம் என் அப்பா போனார். இதைக் கேளுங்க, இதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பா போய்விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்தால், அன்றைக்கு என்று பார்த்து சாஜன் சமைத்து வைத்திருக்கிறான். மீன் குழம்பு. 'கழிக்கு சேட்டா, முதல்ல கழிக்கு' என்கிறான், சாப்பிடு என்று அவன் பாஷையில். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறான். நான் சாப்பிட்டு, கை கழுவி, பீடி பற்றவைத்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான். அத்தான் மத்தியானமே அவனுக்கு ஃபோன் செய்துவிட்டாராம். 'தனியா இருக்கும்போது தெரிய வேணாம். சாப்பிட்டப்புறம் சொல்லுங்க. ராத்திரி கூடவே படுத்துக்கங்க' என்றாராம். எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை சார். அப்பன் பிணமாகக் கிடக்கிறான், மகன் மீன் குழம்பு சாப்பிடுகிறான். ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட் கம்பெனியில் இருந்தது. மூன்று நாள் தரவில்லை. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான்.

மறுநாள் எவனோ எங்கள் தெருக்காரன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான். விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன். துயருறும் குடும்பத்தார் என்று போட்டு மகள் தமிழரசி, மருமகன் நாகரத்தினம், பேத்தி கயல்விழி, பங்காளிகள், சம்பந்திகள், நண்பர்கள். மகன் பெயர் இல்லை. என் பெயர் இல்லை சார். அச்சகத்துக்காரன் ஒரு வரியை விட்டுவிட்டானாம். அத்தான் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்ததாம். மிச்சமிருந்த போஸ்டர் எல்லாவற்றிலும் அத்தானே உட்கார்ந்து ஸ்கெட்ச் பேனாவால் 'மகன் மதியழகன், மஸ்கட்' என்று எழுதினாராம், நூற்றைம்பது போஸ்டரில். பேனாவால் எழுதினால் ஆச்சா? உலகம் பார்த்தது எதை? ஃபேஸ்புக்கில் வந்ததைத்தானே?

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். என் கையால் ஒரு துக்கச் செய்தி போனால், அதில் ஒரு பெயரும் விடுபடக் கூடாது.

மணி என்ன சார்? மணப்பாறை வந்துவிட்டதா? முறுக்குக்காரன் ஏறிவிட்டானே. வேண்டாம்ப்பா, போ.

ஊருக்குத் திரும்பி வந்தேன். வந்தவனுக்கு வேலை என்ன? ஒரு ஜெராக்ஸ் கடை. மிச்ச நேரமெல்லாம் குரூப். 'லால்குடி நண்பர்கள்' என்று நானே ஆரம்பித்தது. பதினோராயிரம் பேர். கரண்ட் எப்போது போகும், ஆற்றில் எவ்வளவு தண்ணீர், எவன் வீட்டு மாடு காணோம், எல்லாம் என்னிடம்தான். முக்கியமாகத் துக்கச் செய்தி. லால்குடியில் யார் போனாலும் டாக்டருக்கு அடுத்து எனக்குத்தான் தகவல் வரும். படத்துக்குச் சட்டம், இரண்டு பக்கம் குத்துவிளக்கு, பிறந்த தேதி, இறந்த தேதி, எடுக்கும் நேரம். கீழே குடும்பத்தார் பெயர், வயது வரிசையில், ஒவ்வொருத்தரையும் டேக் செய்து. டேக் செய்தால்தான் அவர்கள் ஃபோனுக்கும் தகவல் போகும், அந்தப் பெயரைத் தொட்டு ஆளுக்கு ஆறுதல் சொல்ல முடியும். மூத்த மருமகளை விட்டு இளையவளைப் போட்டுவிட்டேன் என்று ஒரு வீட்டில் சண்டை, கருமாதியில் பந்தியில் உட்கார மாட்டேன் என்றாள் அந்த அம்மாள். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டமாகப் பெயர் போடுவேன். ஜனங்கள் என்னைப் பார்த்தால், 'மதி, நான் செத்தா நல்ல படமா போடுய்யா' என்பார்கள். தெருவில் நடந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். மஸ்கட்டில் பன்னிரண்டு வருஷம் யாரும் என்னைக் கும்பிடவில்லை.

இன்னொரு குரூப்பும் இருக்கிறது. அந்த அட்மின் என்னுடைய படத்தைத் திருடி, விளக்கை மட்டும் மாற்றிப் போடுவான். அவனுக்கு முன்னால் போட வேண்டும். என் கணக்கு எட்டு நிமிடம். தகவல் வந்து எட்டாவது நிமிடம் போஸ்ட் போயிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அக்கா ஃபோன். 'மதி, அத்தான் போயிட்டார்டா.' நெஞ்சு வலி. ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அக்கா முதலில் கூப்பிட்டது என்னை. கவனிங்க சார், முதலில் என்னை. 'கயலுக்கு சீரியஸ்னு மட்டும் சொல்லியிருக்கு. பெங்களூர்லேந்து கார்ல வந்துட்டிருக்கா. தனியா வர்றா மதி. அவளுக்கு ஃபோன் கீன் பண்ணிடாத. வந்து எறங்கினப்புறம் நான் பாத்துக்கறேன்' என்றாள்.

நான் ஃபோன் பண்ணவில்லை. சத்தியமாகப் பண்ணவில்லை. இந்த மாலை மேல் சத்தியம். கயலுக்கு நான் ஒரு ஃபோன்கூடச் செய்யவில்லை.

திருச்சிக்கு வந்து இதே மாதிரி பஸ்ஸில், இதே மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உட்கார்ந்து போஸ்ட் போட்டேன். என்ன தப்பு? ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் போடுகிறேன், சொந்த அத்தானுக்குப் போட வேண்டாமா? அவரிடம் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில். எவனாவது முந்திக்கொண்டு போட்டுவிட்டால், 'மச்சினனுக்கே தெரியலையா' என்று கேட்பார்களா இல்லையா? என் அப்பா போஸ்டரில் என் பெயர் விடுபட்டதுபோல இவருக்கு யார் பெயரும் விடக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். மனைவி தமிழரசி. மகள் கயல்விழி. பெயரை எழுத ஆரம்பித்தாலே அதுவே ஆளைக் காட்டிவிடும், தொட்டால் நீலமாகிவிடும். பழக்கம் சார். கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வேன்.

இன்னும் இருக்கிறது, பாருங்க. நம்பவில்லை என்றால் உங்கள் ஃபோனிலேயே பாருங்க. 'லால்குடி நண்பர்கள்' என்று போடுங்க. திறந்த குரூப்தான், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கீழே போங்க, மூன்று வருஷம் பின்னால். 'நாகரத்தினம்' என்று தேடினால் வந்துவிடும். படிச்சுப் பாருங்க, ஒரு எழுத்துத் தப்பு இருக்கிறதா? 'எம் குடும்பத்தின் ஆணிவேர் சாய்ந்தது' என்று ஆரம்பித்திருக்கிறேன். படத்தில் பக்கத்தில் நிற்பது நான்தான். அவர் தனியாக இருக்கிற படம் அவசரத்துக்குக் கிடைக்கவில்லை. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் ஒருத்தர் விடாமல் பதில் போட்டேன். கைகூப்பிய பொம்மை, 'நன்றி'. கைகூப்பிய பொம்மை, 'நன்றி'. துக்கம் கேட்டு வந்தவர்களை வாசலில் நிறுத்திப் பேசாமல் அனுப்பலாமா?

நீங்கள் பாருங்க, நான் சொல்லி முடிக்கிறேன்.

பத்தரை மணிக்குக் கயல் வந்து இறங்கினாள். அக்கா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, 'அப்பாவுக்கு...' என்று ஆரம்பிக்கிறாள். இந்தப் பெண் அழவில்லை. 'தெரியும்மா. மாமா டேக் பண்ணிட்டாங்க' என்றாள். அவ்வளவுதான். என்னைத் தாண்டி உள்ளே போனாள். நாமக்கல் கிட்டே வரும்போது பார்த்தாளாம். டிரைவர் முன்பின் தெரியாத ஆள். அங்கிருந்து இரண்டரை மணி நேரம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டாள். 'மதி, அதை அழிச்சிடு' என்றாள். 'ஆயிரம் பேர் இரங்கல் சொன்னதை எப்படிக்கா அழிக்கறது?' என்றேன். 'அப்ப நீ இந்த வீட்டுக்கு வராத' என்றாள். ஒரே வயிற்றில் பிறந்தவள். நான் தூக்கி வளர்த்த பெண்ணுக்காக என்னை வராதே என்கிறாள். சரி, நான் தூக்கி வளர்க்கவில்லை, மஸ்கட்டில் இருந்தேன். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

ஒரு மாதம் ஃபேஸ்புக் பக்கமே போகவில்லை. குரூப்பை வேறொருத்தனிடம் கொடுத்தேன். கயல் என்னை பிளாக் செய்துவிட்டாள். பிளாக் என்றால் தெரியுமில்லையா, என் கணக்கில் அவள் இல்லை, அவள் கணக்கில் நான் இல்லை. மாமனையே துடைத்தாயிற்று. நானும் மனுஷன்தானே. 'அன்பு மனம்' என்று இன்னொரு கணக்கு ஆரம்பித்தேன். தாமரைப்பூ படம். நட்புக் கேட்டேன், சேர்த்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அந்தத் தாமரைப்பூவாக உட்கார்ந்துதான் அவளைப் பார்க்கிறேன். வேலை மாறியது, கண்ணாடி போட்டது, நிச்சயமானது, எல்லாம். நிச்சயத்துக்கு 'நீடூழி வாழ்க மகளே' என்று போட்டேன். பதில் வந்தது. கைகூப்பிய பொம்மை, 'நன்றி'. வயிறு எரிந்தது சார். யாரென்றே தெரியாத தாமரைப்பூவுக்கு நன்றி சொல்கிறாள், சொந்த மாமனைத் துடைத்துப் போடுகிறாள். இதெல்லாம் ஒரு காலமா? இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால்...

விடுங்க. முந்தாநாள் என் வீட்டுக்காரி போன பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி. புது நம்பர். 'மாமா, கயல் பேசறேன். பட்டம் நீங்கதான் கட்டணும். வேற யாரையும் நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். ஃபோன மட்டும் வீட்லயே வெச்சுட்டு வாங்க மாமா.' இருபது வினாடிதான். எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. கேட்கக் கேட்கக் கோபம்தான். மாமன் வேண்டுமா, மாமன் கை மட்டும் வேண்டுமா? போகக்கூடாது என்று நேற்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு போய் மாலைக்குச் சொன்னேன். வெள்ளித் தகட்டில் பட்டம் போன மாதமே செய்து வைத்திருந்தேன், வீடியோ வந்த அன்றைக்கே. அது வேறு விஷயம்.

என்ன சார், ஒரே இடத்தில் நிறுத்திவிட்டீர்கள்? ரொம்ப நேரமாக விரல் அசையவில்லையே.

எங்கே, காட்டுங்க.

அதுவா.

அவ்வளவு கமெண்ட்டில் அது உங்கள் கண்ணில் படவேண்டுமா? படிக்காதீங்க சார். எனக்குத் தெரியும். ஏழு ஐம்பத்திரண்டு. 'மாமா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? ஃபோன் எடுங்க மாமா.' அவள்தான். நாமக்கல்லில்.

ஃபோன் வந்திருக்கும். கமெண்ட் மேல் கமெண்டாக வந்துகொண்டிருந்தது, இடையில் வந்த அழைப்பை எல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். யார் என்று பார்க்கவில்லை. பார்த்தேனா என்று தெரியவில்லை. அக்கா ஃபோன் பண்ணாதே என்று சொன்னாள், எடுக்காதே என்று சொல்லவில்லை.

கீழே இருக்கிறதையும் படித்துவிட்டீர்களா? ஆமாம். நான் போட்டதுதான். கைகூப்பிய பொம்மை. 'நன்றி.'

அப்படிப் பார்க்காதீங்க. ஆயிரத்து நூறு பேர் சார். கட்டைவிரல் அதுபாட்டுக்குப் போகும். யார் என்று பார்த்தா போடுவார்கள்? வரிசையாக வருகிறது, வரிசையாகப் போடுகிறோம். தெரிந்து போடுவேனா? பெற்ற பிள்ளை மாதிரி சார் அவள். அப்பா எங்கே என்று கேட்கிற பிள்ளைக்கு எவனாவது...

ஏன் அழிக்கவில்லை என்று நீங்களும் கேட்காதீங்க. ஆயிரம் பேர் இரங்கல் என்று அக்காவிடம் சொன்னேன். அந்த ஆயிரம் பேர் யார் என்று எனக்குத் தெரியாது. தினமும் அந்தத் தாமரைப்பூ கணக்கில் திறந்து இந்த ஒன்றைத்தான் பார்க்கிறேன். அழிக்கலாம் என்று கை போகும். அழித்தால் அவள் என்னிடம் கேட்டதும் போய்விடும். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை சார். முந்தாநாள் வரைக்கும்.

அத்தானாக இருந்தால் நாமக்கல்லில் யாராவது ஒரு பழைய மாணவனைப் பிடித்திருப்பார். காரை நிறுத்தி, அவளை இரண்டு இட்லி சாப்பிட வைத்துவிட்டு, அப்புறம் சொல்லு என்றிருப்பார். அந்த மனுஷனுக்கு அதெல்லாம் தெரியும்.

மணி என்ன?

எட்டு ஐம்பது. வடமதுரை தாண்டிவிட்டது.

சார், உங்கள் ஃபோனைக் கொஞ்சம் கொடுங்க. எங்கேயும் ஓடிப்போக மாட்டேன். என் கணக்கில் உள்ளே போகிறேன். இப்போதே அழித்துவிடுகிறேன். பட்டம் கட்டும்போது இது இருக்கக்கூடாது. பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறது, சாஜன் கேட்ட பெயர்தான். அவள் பெயரும் பிறந்த வருஷமும். இதோ.

இது என்ன கேட்கிறது? படிங்க, எழுத்து பொடியாக இருக்கிறது. என் நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறதா? அதைப் போட்டால்தான் உள்ளே விடுமா?

அதுதான் பீரோவுக்குள் கிடக்கிறதே சார்.

வேறு வழி இல்லையா? அமுக்கிப் பாருங்க. வேறு எண் கேட்கிறதா? இல்லையா? நான்தான் நான் என்று நான் சொன்னால் போதாதா? சனியன். எத்தனை வருஷம் சார், எத்தனை வருஷம் கையிலேயே வைத்திருந்தேன், ஒரு நாள் ஒரே ஒரு நாள் விட்டுவிட்டு வந்தால்... இருட்டுக்குள் அது இப்போது மினுக்கிக்கொண்டிருக்கும், ஆறு இலக்கத்தைக் காட்டிக்கொண்டு. பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்?

பிடிங்க உங்கள் ஃபோனை. மூடிவிடுங்க. என் பெயர் அதில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்க.

இல்லை, என் நம்பர் வேண்டாம். சேர்ந்து படமும் எடுக்க வேண்டாம் சார், ஃபோனை உள்ளே வைங்க. மண்டபம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயேதான். நடந்துவிடுவேன். பட்டம் கட்டுவதற்கு முன்னால் பெண் தனியாக ஒரு அறையில்தான் இருப்பாள், ஐந்து நிமிடம் விடுவார்கள். விடாவிட்டால் அக்கா காலில் விழுந்து கேட்கிறேன். அவளைவிடச் சின்னவன்தானே நான். அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டது, மூன்று வருஷமாகப் பதில் இல்லாமல் நிற்கிறது. உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று நான்தான் அவளிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன கேட்டார், யார் பக்கத்தில் இருந்தார்கள், எல்லாம். அக்கா அன்றைக்குக் காலையில் எனக்குச் சொன்னது அத்தனையும் ஞாபகம் இருக்கிறது. அதை மட்டும் நான் எங்கேயும் போடவில்லை.

சாப்பிட்டாளா என்று முதலில் கேட்க வேண்டும். கல்யாணப் பெண்ணுக்குக் காலையில் யாரும் எதுவும் கொடுக்க மாட்டார்கள்.

ஸ்டாண்ட் வந்துவிட்டது. கொஞ்சம் வழி விடுங்க. இல்லை, முதலில் இந்தப் பையைப் பிடிங்க, எழுந்துகொள்கிறேன். அடியில் கை கொடுத்துப் பிடிங்க சார். மேலே பிடித்தால் பூ உதிரும்.